சலுகைப் படிப்பு வேண்டாம்!

பல்கலைக் கழகப் படிப்பை வீடு தேடிக் கொண்டு வந்து விட்டதாக மத்திய சர்க்கார் மார்தட்டுகிறது. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் விஞ்ஞானக் கழகமும் நடத்தும் என்.பி.டி.இ.எல்., 2017 ஜூலையில் வந்த 'ஸ்வயம்' ஆகிய இரண்டும் நல்ல காரியங்கள்தான். ஐ.ஐ.டி. பேராசிரியரின் விரிவுரை பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டுக்குள் நுழைகிறதென்றால், அது சின்ன விஷயமல்ல.

நுழைந்த பிறகு என்ன நடக்கிறது?

பகலெல்லாம் அப்பாவின் தறியில் கோர்வைக்குத் துணையிருக்கும் பெண், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கைப்பேசியில் பாடத்தைத் திறக்கிறாள். பேச்சு ஆங்கிலம். பிளஸ் டூவில் தமிழில் படித்த அதே கணக்கு, இங்கே அடையாளம் தெரியாத வேஷத்தில் நிற்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து சந்தேகம் தீர்க்க ஆளில்லை. மூன்றாவது வாரம் நின்று விடுகிறாள்.

உடனே மேதாவிகள் கிளம்புகிறார்கள். "பாமரர்களுக்கு எதற்கு இத்தனை கணக்கு? சமன்பாட்டை எடுத்து விடுங்கள். பத்து நிமிஷப் படம், நாலு கேள்வி, ஒரு சான்றிதழ் போதும்" என்கிறார்கள். ஆஹா, என்ன பரிவு! விசைத்தறிச் சேலைக்குக் காஞ்சிப் பட்டு என்று சீட்டு ஒட்டி விற்பவனை நம் நெசவாளி என்ன சொல்லித் திட்டுவார்? அதே வசவுக்கு இந்தச் சான்றிதழும் உரியது. அதை எடுத்துக் கொண்டு ஒரகடத்துக்கு வேலை கேட்டுப் போகிறவள்தான் அவமானப்படுவாள். யோசனை சொன்ன கனவான் அல்ல.

இன்னொரு கூட்டம், "தரம்தான் முக்கியம், தாங்காதவர்கள் போகட்டும்" என்கிறது. இது பழைய பாட்டு. கடம்ப மயூரசர்மன் வேதம் படிக்க வந்த காஞ்சிக் கடிகைக்கு எத்தனையோ புகழ் உண்டு. தறிக்காரன் பிள்ளைக்கு அங்கே பாய் விரித்தார்களா?

பாடம் கடினமாயிருப்பது வேறு, வாசல் கடினமாயிருப்பது வேறு. 2013-ல் கலிபோர்னியாவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக் கழகம், உடாசிட்டி என்ற கம்பெனியோடு சேர்ந்து இணையப் பாடம் நடத்தியது. முதல் பருவத்திலேயே பாதிக்கு மேற்பட்டவர்கள் தோற்றார்கள். ஜூலையில் திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். பிரிட்டனின் திறந்த பல்கலைக் கழகமோ 1971-ல் பாடம் தொடங்கியபோது, முன்தகுதி எதுவும் கேட்காமல் தொழிலாளியையும் இல்லத்தரசியையும் சேர்த்துக் கொண்டது. தேர்வைத் தளர்த்தியா நடத்தியது? இல்லை. வானொலி, தொலைக்காட்சியோடு ஒவ்வொருவருக்கும் ஒரு பயிற்றாசிரியரைக் கொடுத்தது. ஆள் போடப் பணம் வேண்டும். அங்கேதான் நம் சர்க்காருக்குக் கை சுருங்குகிறது.

என்.பி.டி.இ.எல். சான்றிதழில் நூற்றுக்கு 75 பங்கு, மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு. அது நியாயம்; அதைத் தொட வேண்டாம். ஆனால் பாடம் இலவசம் என்று சொல்லி விட்டுத் தேர்வுக்குக் கட்டணம் வாங்குவது என்ன இலவசம்? நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதை ரத்துச் செய்ய வேண்டும். சில பாடங்களுக்குத் தமிழ் எழுத்து வடிவம் வந்திருக்கிறது. போதாது, தமிழிலேயே விரிவுரை வேண்டும். பிளஸ் டூ கணக்கிலிருந்து ஐ.ஐ.டி. கணக்குக்கு ஏற ஒரு முன்னோட்டப் பாடமும் வேண்டும்.

காஞ்சிபுரத்தின் பெயரைச் சூடிய மத்தியத் தொழில்நுட்பக் கழகம் ஒன்று 2007 முதல் இருக்கிறது. எங்கே? வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில், இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில்! பெயர் எங்களுடையது, கட்டடம் அங்கே. போகட்டும். அங்கிருந்து வாரத்தில் இரண்டு மாலை, சம்பளம் பெறும் இரண்டு ஆசிரியர்களைக் காஞ்சிக்கு அனுப்பட்டும். கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் ஒரு அறையும் நாலு கம்ப்யூட்டரும் போதும். அடுத்த பருவம் தொடங்குவதற்குள் இதைச் செய்ய முடியுமா, முடியாதா? பதில் சொல்லுங்கள்!