குமுட்டி அடுப்பும் ஜப்பானிய விருந்தும்

ஒசாகாவில் மூன்றாண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய நண்பர் ஒருவர், ஜப்பானிய முறையில் சுட்டுத் தின்னும் விருந்தொன்றை வீட்டில் நடத்த விரும்பி என்னிடம் யோசனை கேட்டார். கேட்டார் என்பதைவிட, வடசென்னையில் அது ஏன் இயலாது என்று ஒரு பட்டியல் வாசித்தார் என்பதே சரி. அந்த அடுப்பு இங்கே கிடைக்காது. அந்தக் கரி கிடைக்காது. நம்பி வாங்கக்கூடிய மீனும் கிடைக்காது. ஆகவே மின்னடுப்பு ஒன்றையும் உறைய வைத்த நார்வே சால்மனையும் வாங்கி ஒப்பேற்றிவிடலாம் என்பது அவர் முடிவு. திருவொற்றியூர்க்காரன் என்ற உரிமையில் கடுமையாக மறுத்தேன். என் மறுப்பில் பாதிதான் நியாயம் என்பது பிறகு விளங்கியது.

முதலில் அடுப்பு. ஜப்பானியர் 'ஷிச்சிரின்' என்று அழைப்பது ஒருவகை நுண்பாசிப் படிவ மண்ணால் செய்த, கைக்கு அடக்கமான கரியடுப்பு. அதன் படத்தைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது எங்கள் பாட்டியின் குமுட்டி அடுப்புதான். மேலே கரி, நடுவில் சல்லடை, கீழே காற்று புகும் வாய். இரண்டுக்கும் அமைப்பு ஒன்றே. கரியைப் பொறுத்தவரை, அவர்கள் கொண்டாடும் 'பின்ச்சோட்டான்' வாகயாமா பகுதியின் ஓக் வகை மரத்திலிருந்து வருவது; புகை குறைவு, நெடுநேரம் கனலும். நமக்கு இராமநாதபுரத்துச் சீமைக்கருவேலங்கரி இருக்கிறது. சற்றுப் பொறி பறக்கும். மேலே சாம்பல் பூக்கும்வரை பொறுத்திருந்தால் அடங்கிவிடும். பனையோலை விசிறி, இடுக்கி, கம்பிவலை இவை போதும். (ஒன்று மட்டும்: இதை மொட்டை மாடியில்தான் செய்ய வேண்டும். குளிர்சாதன அறையை மூடிக்கொண்டு கரியடுப்பு மூட்டினால் கார்பன் மோனாக்சைடு ஓசையின்றி ஆளைக் கொன்றுவிடும்.)

சுட்டுத் தின்பது நமக்கு இறக்குமதிச் சரக்கும் அல்ல. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் கடல் இறாலைச் சுட்டுத் தின்றதைப் பட்டினப்பாலை சொல்கிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் தரும் விருந்தில், கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சியின் சூடு தாங்காமல் பொருநன் அதை வாயில் இப்புறமும் அப்புறமுமாக மாற்றி மாற்றி ஒதுக்குகிறான். சுடச்சுடத் தின்பவனின் முகத்தை இவ்வளவு துல்லியமாகப் பார்த்த கவிஞன் பந்தியில் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். ஜப்பானிலோ பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்டது செய்தியானதே 1872இல்தான். இன்று 'யாகினிக்கு' என்று உலகெங்கும் அறியப்படும் இறைச்சிச் சூடு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கு வாழ்ந்த கொரியர்களின் கடைகளால் பரவியது. மீனுக்கு உப்புத் தடவிச் சுடுவதுதான் அவர்களுடைய பழைய வழக்கம்.

அந்த உப்பில்தான் விஷயமே இருக்கிறது. நாம் மீனுக்கு மிளகாயும் மல்லியும் புளியும் அப்பி அதை மறைத்துவிடுகிறோம். முதல்நாள் மீன்கூட மசாலாவுக்குள் ஒளிந்து தப்பிவிடும். வெறும் உப்பில் சுடும்போது அது எங்கே பிடிபட்டது, எத்தனை நாழிகை ஆயிற்று என்பதெல்லாம் நாக்குக்குத் தெரிந்துவிடும். ஜப்பானியரின் 'ராக்குகோ' கதைகளில் ஒன்று உண்டு. மெகுரோ என்ற இடத்தில், கரியில் சுட்ட சம்மா மீனை முதன்முறையாகத் தின்று சொக்கிப்போகிறான் ஒரு பிரபு. பிறகு மாளிகையில் கேட்டபோது சமையற்காரர்கள் பயந்து, ஆவியில் வேகவைத்துக் கொழுப்பை நீக்கி, முள்ளை எடுத்துச் சக்கையாகப் பரிமாறுகிறார்கள். எங்கே வாங்கியது என்கிறான். நிஹொன்பாஷிச் சந்தையில் என்கிறார்கள். "அதனால்தான்! சம்மா என்றால் மெகுரோதான்" என்கிறான் பிரபு. மெகுரோவில் கடலே கிடையாது என்பதுதான் வேடிக்கை.

எங்கள் விருந்துக்குக் காசிமேட்டுக்கு ஞாயிறு விடியுமுன் போனோம். (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அந்த 61 நாளில் இப்படி விருந்து வைக்க நினைப்பவர் பணக்காரராக இருக்க வேண்டும்.) கானாங்கெளுத்தி, கிழங்கான், கடம்பா வாங்கினோம். கானாங்கெளுத்தியைக் கீறி உப்பிட்டு அரை மணி வைத்து, கசியும் நீரைத் துடைத்துவிட்டுத் தோல்புறம் முதலில் சுட வேண்டும். அதன் கொழுப்பு கனலில் சொட்டி எழும் வாசனைக்கு எந்த மசாலாவும் நிகரில்லை என்று கூசாமல் சொல்வேன். கடம்பாவை வளையமாக அரிந்து, சுருண்டதும் எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் ரப்பர். விருந்தினரே தத்தம் துண்டைப் புரட்டிக்கொள்வதால் வீட்டுப் பெண்கள் அடுக்களையில் சிறைப்படவில்லை. இந்த வழக்கத்தில் நாம் கடன் வாங்க வேண்டியது இதைத்தான்.

இறால் மட்டும் வாங்கவில்லை. எங்கள் தெருவுக்கு எண்ணூரிலிருந்து கூடையில் இறால் கொண்டுவரும் ஓர் ஆயா உண்டு. கழிமுகத்துச் சேற்றில் கையால் தடவிப் பிடித்த இறால். கடல் இறாலைவிட இனிப்பு. என் பிள்ளைப் பருவத்து ருசி அதுதான். வடசென்னை அனல்மின் நிலையத்தின் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் கொசஸ்தலையாற்றில் ஆண்டுக்கணக்காகப் படிந்தது. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை இளைஞர்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் கழிமுகத்தில் இறங்கியது. படகும் வலையும் கறுத்தன. அதன்பின் சில மாதங்கள் ஆயா வரவில்லை. திரும்பி வந்தபோது எல்லோரும் அவரிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "ஆத்து எறாவா, கடல் எறாவா?"

ஜப்பானை மெச்சும் நண்பருக்கு மினமாட்டாவை நினைவூட்டினேன். தொழிற்சாலையின் பாதரசக் கழிவு மீன்வழியே மனிதரை முடக்கிய நோய் 1956இல் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. காரணத்தை அரசு ஒப்புக்கொள்ள 1968 ஆயிற்று. அந்த விரிகுடாவின் மீன் பாதுகாப்பானது என்று ஆளுநர் அறிவித்து, தடுப்பு வலையை அகற்றியது 1997இல். நாற்பது ஆண்டுகள் கடந்தாலும் அறிவிக்க ஒருவர் இருந்தார். எண்ணூர் இறாலைத் தின்னலாமா, கூடாதா என்று எங்களுக்குத் தெளிவாகச் சொல்ல இங்கே யார் இருக்கிறார்கள்? சொல்லாத வரையில் எங்களைப் போன்றவர்கள் வாங்காமல் நழுவிவிடுவோம். நட்டம் முழுவதும் சேற்றில் இறங்கியவரின் தலையில்தான். சால்மன் வாங்கப் போன நண்பரைக் கேலி செய்தவன் நான். காசிமேட்டுக்குப் போனதில் நான் செய்ததும் அதன் சிறிய வடிவம்தானே?

விருந்தன்று மாலை, மாடியில் கரி கனிந்துகொண்டிருந்தபோது ஆயா தெருவில் போனார். வாசனை பிடித்து நிமிர்ந்து பார்த்தார். கூடை பாதி நிறைந்திருந்தது.

"இன்னா தம்பி, விசேசமா?"

"ஆமாம் ஆயா, மேலே வாங்க" என்றேன்.

"எறா வேணுமா?" என்று கேட்டவர், நான் வாய் திறக்குமுன் தாமே சொன்னார்: "கடல் எறாதான்."

அது கடல் இறால் அல்ல என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அரைக்கிலோ வாங்கினேன். அதைக் கனலில் வைத்ததும் நண்பர் என் முகத்தைப் பார்த்தார். நான் விசிறியை எடுத்துக்கொண்டேன்.