நான்கு மணி நேரத் தூரம்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

"சிங்கப்பூரா? நாலு மணி நேரம்தானே, பக்கத்தில்தான் இருக்கிறது" என்று என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. விடுதி நண்பர்கள் சொல்கிறார்கள். ஊரில் பெட்டிக்கடைக்காரரும் சொல்கிறார். கணக்கு தவறில்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் மூன்றரை மணிகூட ஆகாது. ஏறவும் இறங்கவும் ஓடுபாதையில் ஊரவும் பிடிக்கும் நேரத்தைச் சேர்த்தால் நாலு, நாலேகால். 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலில் இதே பயணத்துக்கு ஏறத்தாழ ஒரு வாரம் பிடித்தது.

கடிகாரம் வேறு வேடிக்கை காட்டுகிறது. அங்கே இரவு 8 மணிக்குப் புறப்படுபவர் சென்னையில் 9.45க்கு இறங்கிவிடுவார்! இரண்டு ஊர்களுக்கும் தீர்க்கரேகை வேறுபாடு சுமார் 24 பாகை. பாகைக்கு நான்கு நிமிடமென்றால் சூரியக் கணக்கில் 96 நிமிடம்தான். கடிகார வேறுபாடோ 150 நிமிடம். 1982இல் மலேசியாவை ஒட்டிச் சிங்கப்பூரும் தன் நேரத்தை அரைமணி முன்னே தள்ளிக்கொண்டதும் இதற்கு ஒரு காரணம்.

இனி என் கணக்கைக் கேளுங்கள். என் தந்தையார் அங்கே கட்டட வேலை செய்கிறார். சென்ற ஆண்டு, அவரைப் பெற்ற ஆயா ஒரு விடியற்காலையில் இறந்துபோனார். ஆறு மணிக்கு அப்பாவுக்குப் போன் செய்தேன். மேற்பார்வையாளரைப் பிடித்து விடுப்பு வாங்க நண்பகல் தாண்டிவிட்டது. அன்றைய விமானத்துக்கு அவர் கையிலிருந்த பணம் போதவில்லை. கூட வேலை செய்பவர்கள் கடன் கொடுத்து மறுநாள் காலை ஏற்றிவிட்டார்கள். சென்னையில் இறங்கி, இரண்டு பஸ் மாறி, ஜவ்வாது மலை அடிவாரத்திலுள்ள எங்கள் ஊர் வந்து சேர ஆறு மணி நேரம். பறந்த நேரத்தைவிட அதிகம்! மொத்தம் முப்பத்தாறு மணி நேரம். வெயில் காலம், ஊரார் எவ்வளவு நேரம்தான் வைத்திருப்பார்கள்? கொள்ளி நான் வைத்தேன்.

ஒலியை மிஞ்சிய கான்கார்டு (அதுவும் 2003இல் நின்றுபோனது) இந்த வழியில் ஓடியிருந்தாலும் இரண்டு மணி நேரம்தான் மிச்சமாகியிருக்கும். மீதி முப்பத்திரண்டு மணி நேரமும் தரையில் கழிந்தது. அதைக் குறைக்க விஞ்ஞானி வேண்டியதில்லை. தாய் தந்தை இறந்தால் உடனே விடுப்பு, டிக்கெட் செலவு முதலாளியுடையது, பிறகு சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று வேலை ஒப்பந்தத்தில் இரண்டு வரி எழுதினால் போதும் என்பது என் கருத்து. பட்டம் வாங்கியதும் வெளிநாடு போக எண்ணும் நண்பர்களே, சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் முன் இதைக் கேளுங்கள்.

அப்பாவின் ஒப்பந்தம் வரும் தை மாதம் புதுப்பிக்கப்பட இருக்கிறது. "அந்த ரெண்டு வரியை இங்கிலீஷில் எழுதி அனுப்புடா, நம்ம வீட்டில் காலேஜ் படிக்கிறவன் நீதானே" என்று கேட்டிருக்கிறார். எழுதி வைத்திருக்கிறேன். திருத்தித் தருவதாக ஆங்கிலத் துறை விரிவுரையாளர் சொல்லியிருக்கிறார்.