முகத்தில் மின்னல் வலி: ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பிறகு என்ன கவனிக்க வேண்டும்?

காற்று வாங்கத்தான் மாலையில் பூம்புகார் கடற்கரைக்குக் கூட்டம் வருகிறது. ‘ட்ரைஜெமினல் நியூரால்ஜியா’ உள்ளவர்களுக்கோ அந்தக் காற்று கன்னத்தில் பட்டாலே ஷாக் அடித்ததுபோல வலிக்கும். பல் தேய்த்தாலும் சோற்றை மென்றாலும் வலி வெட்டும். பல்வலி என நினைத்துப் பல்லைப் பிடுங்கியும் தீராமல் தவிப்பவர்கள் உண்டு. நடிகர் சல்மான் கான் பல ஆண்டுகள் இதனால் அவதிப்பட்டு, 2011-ல் அமெரிக்காவில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

என்ன காரணம்?

மூளையிலிருந்து கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் ஐந்தாவதுதான் முகத்தின் தொடு உணர்வைக் கடத்துகிறது. அதை ஒரு ரத்தக்குழாய் அழுத்துவதே பெரும்பாலும் காரணம். முதல் சிகிச்சை, கார்பமாஸிபின் மாத்திரை. அது பலன் தராவிட்டால், முழு மயக்கம் கொடுத்து, காதுக்குப் பின்னால் எலும்பில் சிறு துளையிட்டு, குழாய்க்கும் நரம்புக்கும் நடுவே டெஃப்லான் பஞ்சு வைக்கிறார்கள். பலருக்கு வலி உடனே நின்றுவிடும்.

பக்கத்து நரம்புகள்

அதே இடத்தில்தான் காது கேட்கும் நரம்பும், முகத்தை அசைக்கும் நரம்பும் இருக்கின்றன. அதனால் சிலருக்குக் காது மந்தமாகலாம், முகம் மரத்துப்போகலாம், வாய் கோணலாம், பார்வை இரண்டாகத் தெரியலாம். வாய்க்கோணல் சில நாள்கள் கழித்தும் வரலாம். பெரும்பாலும் சரியாகிவிடும் என்றாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். மயக்கம் தெளிந்த வயதானவர்கள் ஓரிரு நாள் குழம்பிப் பேசுவதுண்டு. ‘வயசுதானே’ என விடாமல் நர்ஸிடம் சொல்லுங்கள்.

உடனே கிளம்புங்கள்

மூக்கிலோ தொண்டையிலோ தண்ணீர்போல, உப்புக்கரிக்கும் திரவம் வடிவது மூளைநீர்க் கசிவாக இருக்கலாம். காய்ச்சலோடு கழுத்து இறுக்கம், தாங்க முடியாத தலைவலியுடன் வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல்... இவை வந்தால் மறுபரிசோதனைத் தேதிவரை காத்திருக்கக் கூடாது. பூம்புகாரிலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கிட்டத்தட்ட 100 கி.மீ. ‘விடியட்டும்’ என்று தள்ளிப்போடாமல் 108-ஐ அழையுங்கள்.

வலி போய்விட்டதே என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் தவறு. டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரியைப் போட்டோ எடுத்து, வீட்டில் இருவர் போனிலாவது வைத்திருங்கள். அவசரத்துக்குப் போகும் பக்கத்து மருத்துவமனையில், என்ன ஆபரேஷன் நடந்தது என்பதை டாக்டருக்கு அந்தக் காகிதம்தான் சொல்லும்.