வளையத்தோடு நிற்கக் கூடாது
மலேரியாவுக்கான முதன்மை மருந்து ஆர்ட்டிமிசினினுக்குப் பகுதியளவு ஈடுகொடுக்கும் ஒட்டுண்ணிகள் ருவாண்டா, உகாண்டா, தான்சானியா, எரித்ரியா நாடுகளில் உறுதியாகிவிட்ட நிலையில், மூலிகைச் சாறுகளைச் சோதிக்கும் ஆய்வுகளை அரசுகள் அரைகுறையாக விட்டுவிடலாகாது. ஆர்ட்டிமிசினினே மூலிகை தந்த கொடைதான். சீன விஞ்ஞானி தூ யூயூ, பழைய மருத்துவ நூலொன்றின் குறிப்பைக் கொண்டு, சூடேற்றினால் வீரியம் கெடுகிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சாறெடுத்தார். விலங்குகளில் சோதித்து, 1972-இல் தம் உடலிலும் சோதித்துப் பார்த்த பிறகே நோயாளிகளுக்குத் தந்தார். 2015-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. மலேரியா மட்டுமின்றிப் பிற நோய்களுக்கான இன்றைய மூலிகை ஆய்வுகளிலும் மிகப் பல, ஆய்வகத் தட்டு என்ற முதற்படியைத் தாண்டுவதேயில்லை. சாற்றில் நனைத்த காகித வில்லையைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வெற்று வளையம் தெரிந்ததும் கட்டுரை அச்சேறுகிறது. ஆய்வு அங்கேயே முடிகிறது. தட்டில் கிருமியைக் கொல்லச் சாராயமும் போதும். அந்தச் சாறு கல்லீரலைக் கெடுக்குமா, எவ்வளவு கொடுத்தால் ரத்தத்தில் தேவையான அளவு சேரும் என்பவையே நோயாளிக்கு முக்கியம். ஆர்ட்டிமிசியா இலைத் தேநீரை மலேரியாவுக்குப் பயன்படுத்துவதை உலக சுகாதார நிறுவனம் ஆதரிக்காததும் இதனால்தான்: இலைக்கு இலை மருந்தின் அளவு மாறும், குறைந்த அளவு ஒட்டுண்ணிக்கே பலம் சேர்க்கும். நச்சுத்தன்மைச் சோதனை, தரப்படுத்தல், மனிதர்களிடம் முறையான பரிசோதனை ஆகிய மூன்றுக்கும் பொதுப் பணம் ஒதுக்கப்பட வேண்டும். தோல்வியுற்ற ஆய்வுகளின் முடிவுகளும் வெளியிடப்பட வேண்டும். அந்த மூன்று படிகளையும் கடக்காத எந்தச் சாற்றையும் மலேரியா மருந்தென்று விற்க அனுமதிக்கக் கூடாது.