ஐந்தாவது கியர் எதற்கு?

மோட்டார் வண்டியை விலைக்கு வாங்கி ஓட்டுகிறவர்கள் உலகில் கோடிக்கணக்கானவர்கள். அதைத் தம் வீட்டுக் கொட்டகையிலேயே, தம் கையாலேயே கட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் வெகு சிலர். அமெரிக்காவில் இந்த இரண்டாவது ரகத்தினருக்குக் குறைவில்லை. சனி, ஞாயிறு வந்துவிட்டால் இவர்களை விருந்திலும் காண முடியாது. மாதா கோவிலிலும் காண முடியாது. கொட்டகையில் ஓர் இரும்புச் சட்டத்தின் அடியில் மல்லாந்து படுத்திருப்பார்கள். கால் இரண்டு மட்டுமே வெளியே தெரியும்.

இப்படிக் கட்டப்படும் வண்டிகளில் பெரும் புகழ் பெற்றது 'கோப்ரா' என்னும் விளையாட்டு வண்டியின் நகல். சட்டம் வந்து, எஞ்சின் வந்து, எந்த வர்ணம் பூசுவது என்பதும் தீர்மானமான பிறகு, இவர்களுடைய தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி ஒன்று மிஞ்சி நிற்கிறது. கியர்ப் பெட்டி எதைப் போடுவது? இந்த வாரம் அதைப் பற்றிச் சிறிது விசாரிக்கலாம் என்று உத்தேசம்.

"இந்த விசாரணை நமக்கு எதற்கு?" என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது பெருமைக்கு எவ்வளவு இடம் தருவது, உபயோகத்துக்கு எவ்வளவு இடம் தருவது என்பது, கல்யாணத்துக்குப் புடைவை எடுப்பது முதல் சர்க்கார் அணை கட்டுவது வரையில் எல்லாவற்றிலும் எழும் கேள்விதான். கியர்ப் பெட்டியில் அதற்கு ஒரு செளகரியம் உண்டு. இங்கே விடையைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

முதலில் அசல் வண்டியின் கதை. இங்கிலாந்தில் தேம்ஸ் டிட்டன் என்ற ஊரில் ஏ.ஸி. கம்பெனியார் 'ஏஸ்' என்ற சிறிய, அழகிய வண்டியைச் செய்து வந்தார்கள். அதற்கு எஞ்சின் கொடுத்து வந்த பிரிஸ்டல் கம்பெனி அந்த எஞ்சினை நிறுத்தப் போகும் சமயத்தில், டெக்ஸாஸ்காரரான காரல் ஷெல்பி நடுவே வந்தார். 1959-ம் வருஷத்து லெ மான் பந்தயத்தில் ஆஸ்டன் மார்ட்டின் வண்டியில் ராய் ஸால்வடோரியுடன் சேர்ந்து ஜயித்தவர் அவர். இருதய நோயினால் பந்தயம் ஓட்டுவதை விட்டவர். பந்தய ஆசையை மட்டும் விடவில்லை. ஆங்கில வண்டிக்குள் அமெரிக்க போர்டு கம்பெனியின் எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்தார். 1962-ம் வருஷத்தில் கோப்ரா பிறந்தது. முதலில் 260 கன அங்குல எஞ்சின்; பிறகு 289; 1965-ல் 427. ஆரம்பத்தில் போர்க்-வார்னர் கம்பெனியின் டி-10 என்ற நாலு கியர்ப் பெட்டி. 427 எஞ்சினுக்கு போர்டு கம்பெனியின் 'டாப்லோடர்'. அதுவும் நாலு கியர்தான். மொத்தம் சுமார் ஆயிரம் வண்டிகளே செய்யப்பட்டன. அவற்றில் முதலாவது வண்டி 2016-ல் ஏலத்துக்கு வந்தபோது 1 கோடியே 37½ லட்சம் டாலருக்குப் போயிற்று!

இந்த விலையைக் கேட்டபின், மனிதர்கள் ஏன் நகல் செய்கிறார்கள் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. 1995-ல் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் தோன்றிய பாக்டரி பைவ் போன்ற கம்பெனிகள் இரும்புக் குழாய்ச் சட்டத்தையும், கண்ணாடி நாரினால் ஆன உடலையும் பெட்டிகளில் வைத்து அனுப்புகின்றன. எஞ்சினையும் மற்ற யந்திரங்களையும் பழைய மஸ்டாங் வண்டி ஒன்றிலிருந்து கழற்றி எடுத்துக்கொள்ளலாம், புதிதாகவும் வாங்கலாம்.

கியர்ப் பெட்டி விஷயத்தில் வைதிகர்கள் ஒரு கட்சி. "ஷெல்பி நாலு கியர் வைத்தார், நாமும் நாலுதான் வைக்க வேண்டும். ஐந்து வைத்தால் அது கோப்ரா ஆகுமா?" என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கையும் சற்றுக் கேட்போம்.

கியர் என்பது ஒரு நெம்புகோலைப் போன்றது. தூரத்தை விட்டுக்கொடுத்துப் பலத்தை வாங்கிக் கொள்வது. டி-5 என்னும் பெட்டியின் முதல் கியர் விகிதம் 3.35. அதாவது, எஞ்சின் 3.35 சுற்றுச் சுற்றினால் வெளியே போகும் தண்டு ஒரு சுற்றுச் சுற்றும். பலமோ ஏறக்குறைய அத்தனை மடங்கு பெருகும். நின்ற வண்டியை நகர்த்த அது வேண்டும். நாலாவது கியரில் இந்த வித்தை ஒன்றும் இல்லை. எஞ்சினும் தண்டும் சமமாகச் சுற்றுகின்றன. ஐந்தாவது கியரில் விஷயம் தலைகீழ். எஞ்சின் 68 சுற்றுச் சுற்றுவதற்குள் தண்டு 100 சுற்றுச் சுற்றிவிடும். வண்டி ஓட்டம் பிடித்த பிறகு எஞ்சினுக்கு ஓய்வு தருவதற்காக ஏற்பட்டது அது.

26 அங்குல உயரமுள்ள டயர்; பின் அச்சின் விகிதம் 3.55, வேகம் மணிக்கு 70 மைல் என்று வைத்துக்கொள்வோம். நாலாவது கியரில் எஞ்சின் நிமிஷத்துக்குச் சுமார் 3,200 தடவை சுற்றும். ஐந்தாவதில் சுமார் 2,180 தடவை. ஒவ்வொரு நிமிஷமும் ஆயிரம் சுற்று மிச்சம்! கூரை இல்லாத வண்டி. புகைக் குழாயோ பக்கவாட்டில், காதுக்கு அருகில். பந்தய மைதானத்தில் அரை மணி நேரம் அந்தக் கர்ஜனை சங்கீதமாக இருக்கும். மனைவியைப் பக்கத்தில் உட்கார்த்தி 200 மைல் பிரயாணம் செய்யும் கிரகஸ்தருக்கு, இரண்டாவது மணி நேரத்தில் அது சங்கீதமாக இராது. வீடு திரும்பிய பிறகு அந்த அம்மாள் மறுபடியும் அந்த வண்டியில் ஏறுவாளா என்பதே சந்தேகம். எத்தனையோ வருஷத்துச் சனி ஞாயிறுகளைக் கொடுத்துக் கட்டிய வண்டி, கொட்டகையில் துணி போர்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

தவிர, வைதிகர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஷெல்பி செய்தது என்ன? ஒருவர் செய்த வண்டியில் இன்னொருவர் செய்த எஞ்சினை வைத்தார். தம் காலத்தில் கைக்கு அகப்பட்டவற்றில் எது நல்லதோ அதை எடுத்துக்கொண்டார். அவர் வழியைப் பின்பற்றுவது என்றால், இன்று அகப்படுவதில் நல்லதை எடுத்துக்கொள்வதுதான் அது. உருவத்துக்கு விசுவாசமாக இருக்கலாம். அசௌகரியத்துக்கும் விசுவாசமாக இருக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

ஐந்து கியர் என்று தீர்மானமான பிறகு, எந்த ஐந்து என்ற கேள்வி வருகிறது. இங்கே எதிர்க் கட்சியின் தவறு ஆரம்பமாகிறது. "உள்ளதற்குள் பலமானதைப் போடு" என்கிறார்கள் அவர்கள். பலம் வேண்டியதுதான். எவ்வளவு வேண்டும் என்பதல்லவா கேள்வி?

எஞ்சினின் முறுக்கு விசையை அமெரிக்கர்கள் அடி-ராத்தல் கணக்கில் அளக்கிறார்கள். ஓர் அடி நீளமுள்ள தடியின் நுனியில் ஒரு ராத்தல் எடையைத் தொங்கவிட்டால் ஏற்படும் முறுக்கு ஓர் அடி-ராத்தல். 1987 முதல் 1993 வரையில் வந்த எட்டு சிலிண்டர் மஸ்டாங்கின் எஞ்சின் சுமார் 300 அடி-ராத்தல் தருவது. அதனுடன் வந்த டி-5 பெட்டி முதலில் 265 அடி-ராத்தலுக்கும், 1990-க்குப் பிறகு 300-க்கும் தகுதி என்று மதிப்பிடப்பட்டது. பின்னால் வந்த 'இஸட்' வகை 330 வரையில் தாங்கும். கோப்ரா நகலோ மஸ்டாங்கைவிட மிகவும் லேசானது. லேசான வண்டியில் கியர்ப் பற்களின் மேல் விழும் பளுவும் குறைவு. ஆகையால், சாதாரண எஞ்சினை நிதானமாக ஓட்டுகிறவருக்கு டி-5 போதும். அதன் எடை சுமார் 75 ராத்தல்தான். கியர் மாற்றுவதற்கும் வெண்ணெய் போல் இருக்கும். பழைய வண்டியிலிருந்து எடுத்தது என்றால் முப்பது வருஷங்களுக்கு மேல் உழைத்தது என்பதை நினைவில் கொண்டு, திறந்து பார்த்துத் தேய்ந்த வளையங்களை மாற்றிய பிறகே பொருத்த வேண்டும்.

ஆனால் 400, 450 அடி-ராத்தல் தரும் எஞ்சினுக்குப் பின்னால் டி-5-ஐ வைப்பது, கன்றுக்குட்டியைக் கவலை இழுக்கப் பூட்டுவதற்குச் சமானம். அளவுக்கு மீறிய முறுக்கு வரும்போது உள்ளிருக்கும் இரண்டு தண்டுகளும் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. அலுமினியக் கூடு இடம் கொடுத்துவிடுகிறது. பற்கள் முழுதும் பொருந்தாமல் நுனியில் மட்டும் மோதுகின்றன. மூன்றாவது கியர் பல்லிழந்து நிற்கும். சிக்கனம் என்று நினைத்தது இரட்டைச் செலவாக முடியும்.

அத்தகைய எஞ்சின்களுக்காக டிரெமெக் கம்பெனியார் டி.கே.ஓ. என்ற பெட்டியைச் செய்தார்கள். அதில் 500, 600 என்று இரண்டு வகை. பெயரிலேயே அது தாங்கும் அளவு இருக்கிறது. எடை சுமார் 100 ராத்தல். எஞ்சின் மிக வேகமாகச் சுற்றும்போது கியர் மாற மறுக்கிறது என்று அதன் மேல் ஒரு குறை உண்டு. இப்போது அதன் ஸ்தானத்துக்கு வந்திருக்கும் டி.கே.எக்ஸ். அந்தக் குறையைப் போக்குவதற்கென்றே அமைக்கப்பட்டது.

இங்கே ஒரு சுவையான சங்கதி. டிரெமெக் மெக்ஸிகோ தேசத்துக் கம்பெனி. ஒரு காலத்தில் கோப்ராவுக்குக் கியர்ப் பெட்டி கொடுத்த போர்க்-வார்னர், டி-5 செய்யும் தொழிலையே 1990-களின் பிற்பகுதியில் இந்த மெக்ஸிகோக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. அமெரிக்கப் பெருமையின் சின்னமாக ஓடும் வண்டிக்கு ஆங்கில உடல், அமெரிக்க எஞ்சின், மெக்ஸிகோப் பற்சக்கரம்! பக்கத்து வீட்டு வல்லரசைப் பார்த்து மலைத்து நில்லாமல், ஒரே ஒரு தொழிலைத் திருந்தச் செய்து வந்த தேசத்தைத் தேடி வல்லரசின் வாடிக்கைக்காரர்கள் வருகிறார்கள். நம் நாட்டுத் தொழிலாளிகளும் முதலாளிகளும் இதைக் கவனித்தால் நல்லது.

பலத்தைப் போலவே விகிதத்தையும் கவனிக்க வேண்டும். கியர்ப் பெட்டியும் பின் அச்சும் தம்பதிகள். ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. 3.35 முதல் கியரை 3.55 அச்சுடன் சேர்த்தால், 5,500 சுற்றில் வண்டி 36 மைல் வேகத்தைத் தொடுவதற்குள் கியரை மாற்றியாக வேண்டும். டி.கே.ஓ.-600-இன் 2.87 முதல் கியர் அதே அச்சுடன் 42 மைல் வரை போகும். பலமான எஞ்சினுக்கும் லேசான வண்டிக்கும் இதுவே பொருத்தம். இல்லாவிட்டால் டயர் தேயும், வண்டி நகராது. டி-5 வைத்திருப்பவர் 3.08 அச்சைப் போட்டால் ஏறக்குறைய அதே பலன் கிடைத்துவிடும். புதுப் பெட்டி தேவையில்லை.

ஐந்தாவது கியரிலும் பேராசை கூடாது. டி.கே.ஓ.-600-இல் 0.64 என்றும் 0.82 என்றும் இரண்டு விதம் உண்டு. 55 மைல் வேகத்தில் 0.64 விகிதம் எஞ்சினைச் சுமார் 1,600 சுற்றுக்கு இறக்கிவிடும். பந்தயத்துக்கென்று கூர்மையாக்கப்பட்ட எஞ்சின் அந்த மந்த நடையில் இருமும், திணறும். அதற்கு 0.82 ஏற்றது, சுமார் 2,070 சுற்றில் நிம்மதியாக ஓடும். சாந்தமான எஞ்சினுக்கு 0.64 பெட்ரோல் மிச்சம். ஓய்வும் அளவோடு இருந்தால்தான் ஓய்வு.

கடைசியாக, பணத்தை எடுத்து வைப்பதற்கு முன் அளவுகோலை எடுக்க வேண்டும். பெட்டி பெருத்திருந்தால் இரண்டு ஆசனங்களுக்கும் நடுவிலுள்ள சுரங்கத்தில் நுழையாது. நீளம் மாறினால் பின்னால் போகும் தண்டை வெட்ட வேண்டும். கியர்த் தடி வெளிவரும் இடம் சரியாக இல்லாவிட்டால் முழங்கையைப் பின்னால் மடக்கி மாற்ற நேரிடும். அசல் 427 வண்டியிலேயே இந்தத் தொல்லைக்காகத் தடியை முன்னோக்கி வளைத்து வைத்தார்கள். எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் கிளச்சு உறை மையம் தவறாமல் பொருந்த வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கு மேல் பிசகக் கூடாது. இந்த அளவை எடுக்கச் சோம்பியவர்கள்தான் "பெட்டி சரியில்லை" என்று பிறகு கம்பெனியைத் திட்டுகிறார்கள்.

அந்த உறை எஃகினால் ஆனதாக இருக்கட்டும் என்பதே நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. கோப்ராவில் உட்காருகிறவர்களின் கால்கள் அதன் இரு பக்கத்திலும்தான் நீட்டப்பட்டிருக்கின்றன. வேகமாகச் சுற்றும் கிளச்சோ, ப்ளைவீல் என்ற கனத்த சக்கரமோ வெடித்தால், துண்டுகளுக்கும் கால்களுக்கும் நடுவே நிற்பது அந்த உறையும் ஒரு மெல்லிய தகடுமே. பளபளக்கும் கியர்த் தடிக்குச் செலவழிக்கப் பணம் இருந்து, யார் கண்ணிலும் படாத இந்த எஃகுக்கு இல்லாமற் போனால், அவர் வண்டி கட்டவில்லை, வேடிக்கை கட்டுகிறார்.

ஆகவே நம் அபிப்பிராயம் இது: 300 அடி-ராத்தலுக்குள் டி-5, 400-ஐத் தாண்டினால் டி.கே.எக்ஸ்.; இரண்டுக்கும் இடைப்பட்டவர்கள் தங்கள் எஞ்சினைப் பற்றியல்ல, தங்கள் வலது காலைப் பற்றி உண்மை பேசிக்கொள்ளட்டும். மிதிக்கிற கால் என்றால் பலமான பெட்டி. நடக்கிற கால் என்றால் லேசான பெட்டி. பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில் கஷ்டம் இல்லை. தம்மைத் தாமே எடை போட்டுக்கொள்வதுதான் கஷ்டம். அந்தக் கணக்குக்கு எந்தக் கம்பெனியும் இன்னும் அட்டவணை போட்டுத் தரவில்லை.