புனேயின் இரண்டு மரணங்கள்

விஷம் அகப்படவில்லை, தூக்குத் தண்டனை. விஷம் அகப்பட்டது, விடுதலை. இரண்டுமே புனே வழக்குகள்.

1956 நவம்பர் 12 இரவு. லட்சுமிபாய் கார்வே என்ற வசதியான விதவையைப் புனேயிலிருந்து பம்பாய்க்கு ரயிலில் அழைத்துப் போனார் டாக்டர் அனந்த் சிந்தாமண் லாகு. அந்த அம்மாளின் வீட்டில் குடியிருந்தவர். விடிகாலை வி.டி. நிலையத்தில் வண்டி நின்றபோது அவருக்கு நினைவில்லை. ஜி.டி. மருத்துவமனையில் வேறு பெயரில் சேர்க்கப்பட்டு, மதியத்துக்குள் இறந்தார். நீரிழிவு மயக்கம் என்றார்கள். சடலத்தைக் கேட்டு யாரும் வரவில்லை. பத்து நாள் கழித்து நடந்த பிரேதப் பரிசோதனையிலோ, ரசாயன ஆய்விலோ விஷம் எதுவும் தெரியவில்லை. இதற்கிடையே, அம்மாள் மறுமணம் செய்துகொண்டு போய்விட்டதாகப் புனேக்குக் கடிதங்கள் வந்தன! சொத்து மெல்ல லாகுவின் கைக்குப் போனது.

கொலை என்பதற்குச் சட்டம் கேட்பது, மரணத்தை ‘விளைவித்தது’ இவர்தானா என்பதைத்தான். செத்தபின் சொத்தைச் சுருட்டியது பேராசைக்குச் சாட்சி. சாவுக்குக் காரணம் ஆகிவிடுமா? 1959 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்று பிரிந்தது. எல்லா விஷமும் தடயம் விடுவதில்லை, சூழ்நிலைச் சாட்சியமே போதும் என்றது ஹிதயத்துல்லா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு. இயற்கை மரணம் அல்ல என்பதே நிரூபணமாகவில்லை என்றார் சர்க்கார். எனக்கு உறுத்துவது அந்தப் பொய்ப் பெயர். அது கொடுக்கப்பட்டபோது அம்மாளுக்கு உயிர் இருந்தது. பிழைத்து எழுவார் என்று நினைக்கும் டாக்டர் நோயாளியின் பெயரை ஏன் மறைக்க வேண்டும்?

அடுத்தது 1982 ஜூன். மணமாகி நான்கே மாதமான பெண் புனேயில் சயனைடால் இறந்தார். இங்கே சாவின் காரணத்தில் சந்தேகமில்லை. கொடுத்தது யார் என்பதே கேள்வி. கணவருக்கு செஷன்ஸ் கோர்ட் விதித்த தூக்கை உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனால் அந்தப் பெண் எழுதிய கடிதங்களில் மனம் நொந்திருந்தது தெரிந்தது. தற்கொலைக்கு இடமிருக்கிறது என்று 1984 ஜூலையில் பசல் அலி, வரதராஜன், முகர்ஜி அடங்கிய பெஞ்ச் அவரை விடுவித்தது. சார்தா வழக்கு என்று வக்கீல்கள் இன்றும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். சூழ்நிலைச் சாட்சியத்துக்கு அதில் வகுத்த ஐந்து விதிகளுக்குப் ‘பஞ்சசீலம்’ என்றே பெயர்.

அதே தீர்ப்பு, விஷ வழக்கில் குற்றவாளியிடம் விஷம் இருந்ததையும் காட்ட வேண்டும் என்றது. அப்படிப் பார்த்தால் லாகு தப்பியிருப்பாரோ? 1988இல் பூபிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே அதைத் தளர்த்தியது: அந்த ஒன்று நிரூபணமாகவில்லை என்பதற்காக மட்டும் வழக்கு விழுந்துவிடாது.