பிரெஞ்சு பிரஸ்ஸும் சிக்கரிப் புராணமும்

பிரெஞ்சு பிரஸ்ஸைத் திட்டுவது நம்மூர் காப்பிப் பிரியர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. "கண்ணாடிக் குவளையில தூளைக் கொட்டி, வெந்நீர ஊத்தி, வலையை அமுக்கினா அது காப்பியா? கஷாயம் சார்!" என்று ஆரம்பிப்பார்கள். பிறகு கும்பகோணம் டிகிரி, பித்தளை டபரா, பாட்டி கைப்பக்குவம் என்று வரிசையாக வரும். எதிர்க்கட்சிக்காரர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? ஃபில்டர் காப்பி என்பது பாலும் சர்க்கரையும் மட்டுமே, காப்பியின் ருசி தெரியாதவர்கள் குடிப்பது என்பார்கள். இரண்டு கட்சியும் பாத்திரத்தை வைத்தே அடித்துக்கொள்கின்றன. பாத்திரத்துக்குள் என்ன போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் கூத்தைப் பார்க்கச் சரியான இடம் பூம்பாறை. கொடைக்கானலுக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர், ஏறக்குறைய 1900 மீட்டர் உயரம். வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து தங்குகிறவர்கள் பையிலிருந்து பிரெஞ்சு பிரஸ்ஸை எடுக்கிறார்கள். கூடவே எத்தியோப்பியா என்றோ கொலம்பியா என்றோ அச்சடித்த பாக்கெட். பூம்பாறையில் விளைவது பூண்டும் உருளையும் கேரட்டும்தான். அந்தக் குளிர் காப்பிக்கு ஆகாது, வாஸ்தவம். ஆனால் இவர்கள் ஏறி வந்த வழியைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறினால் ஊத்து, பண்ணைக்காடு. பட்டிவீரன்பட்டி வழியாக வந்தால் தாண்டிக்குடி. எல்லாம் காப்பித் தோட்டம்! சில்வர் ஓக் நிழலில், வாழைக்கும் மிளகுக்கும் நடுவே வளரும் அராபிகா. தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஜன்னல் வழியாக அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு, மேலே போய் எத்தியோப்பியாவைக் குடிக்கிறார்கள்.

சரி, அதையாவது ஒழுங்காகப் போடுகிறார்களா? "தண்ணி கொதிச்சதும் அரை நிமிஷம் ஆறவிட்டு ஊத்தணும்" என்று எங்கேயோ படித்ததை பூம்பாறையிலும் அப்படியே செய்கிறார்கள். அந்தச் சட்டம் சமவெளிக்கு எழுதியது. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் ஒரு டிகிரி குறையும். பூம்பாறையில் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரே 93, 94 டிகிரிதான். (குக்கர் இல்லாமல் அங்கே பருப்பு வேகவைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.) பிரெஞ்சு பிரஸ்ஸுக்கு வேண்டியதும் ஏறத்தாழ அந்தச் சூடுதான். ஆறவிடாமல், குவளையை முதலில் வெந்நீரில் அலசிவிட்டு, கொதித்த கையோடு ஊற்ற வேண்டும். ஆறவிட்டால் புளித்த சப்பைத் தண்ணீர் வரும். "பிரெஞ்சு பிரஸ் வேஸ்ட்டுப்பா" என்ற தீர்ப்பும் வரும்.

இனி ஃபில்டர் கட்சி. அந்நியச் சாமான் வேண்டாம் என்பவர்கள் வாங்கும் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் இருக்கும்: காப்பி இத்தனை சதவீதம், சிக்கரி இத்தனை சதவீதம். இந்தியச் சட்டப்படி காப்பி 51 சதவீதம் இருந்தால் போதும். மீதி 49 வரை சிக்கரி என்கிற வறுத்த வேர், பெரும்பாலும் குஜராத்திலிருந்து வருவது. அதைக் காப்பியில் கலக்கும் பழக்கம் ஐரோப்பாவில் பரவியதே நெப்போலியன் காலத்தில், 1806-க்குப் பிறகு, பிரான்சில் காப்பிக்குத் தட்டுப்பாடு வந்தபோது. ஆக, பிரெஞ்சுக்காரன் பஞ்சத்தில் பிடித்த பழக்கம் பாட்டி கைப்பக்குவமாகிவிட்டது. பிரெஞ்சு பிரஸ்ஸோ, இன்றைய வடிவத்துக்கு 1929-ல் காப்புரிமை கேட்டவர்கள் இத்தாலிக்காரர்கள் :-)

சிக்கரி குடிக்கக் கூடாது என்று சட்டம் போட முடியாது. பிடித்தவர்கள் தாராளமாகக் குடிக்கட்டும். பாலில் கலக்கும் கெட்டி டிகாக்ஷனுக்கு ஃபில்டர்தான் சரி, பிரெஞ்சு பிரஸ் அந்த வேலைக்கு ஆகாது என்பதும் உண்மை. ஆனால் அந்தச் சிக்கரித் தூளையே பிரெஞ்சு பிரஸ்ஸில் போட்டு, அது கொழகொழவென்று ஊறி வலையை அடைத்ததும் பாத்திரத்தைத் திட்டுவது என்ன நியாயம்?

பாத்திரச் சண்டையில் அடிபடுவது மலைக்காரர் காப்பிதான். சிறு தோட்டக்காரர் பழத்தைப் பறித்து, காயவைத்து, வியாபாரியிடம் போடுகிறார். அங்கேயே ஊர்ப் பெயர் போய்விடுகிறது. எங்கெங்கிருந்தோ வந்த கொட்டையோடும் சிக்கரியோடும் கலந்து, ஏதோ ஒரு பிராண்டாக வெளியே வருகிறது. 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்பாறைக்காரர் தன் பூண்டை ஊர்ப் பெயர் சொல்லி விற்கலாம். அதே 2019-ல் ஐந்து இந்தியக் காப்பிகளுக்கும் கிடைத்தது: கூர்க், சிக்மகளூர், பாபாபுதன்கிரி, வயநாடு, அரக்கு. தமிழ்நாட்டுக் காப்பி ஒன்றுகூட அதில் இல்லை. பெயரில்லாத சரக்குக்கு விலை எப்படி ஏறும்? விலை கட்டாவிட்டால் நிழல் மரத்தோடு தோட்டத்தை விற்றுவிட்டு இறங்கத்தான் தோன்றும். வாங்குகிறவர் அங்கே காப்பிச் செடி வைக்கப்போவதில்லை, காட்டேஜ் கட்டுவார்.

பால், சர்க்கரை, சிக்கரி எதன் பின்னாலும் ஒளியாமல், கொட்டையின் குணத்தை எண்ணெய்ப்பசையோடு அப்படியே காட்டுகிற பாத்திரம் பிரெஞ்சு பிரஸ். (கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்கள் தினமும் குடிக்க வேண்டாம், அந்த எண்ணெய் அதை ஏற்றும். அவர்களுக்குக் காகித வடிகட்டி.) பழனி மலைக் காப்பிக்கு இன்று தேவை அதுதான். பூம்பாறைக்குப் போகிறவர்கள் வழியில் இறங்கி, "சிக்கரி வேண்டாம், இந்த மலை அராபிகா மட்டும், ரவை பதத்துக்கு அரைங்க" என்று கேட்கட்டும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். 30 கிராம் தூள், அரை லிட்டர் தண்ணீர், நான்கு நிமிடம். மெதுவாக அமுக்க வேண்டும். கடைசி வாய் மண்டியைக் குடிக்காமல் விட்டுவிடலாம்.